மின்னலக்கா இரும்பு எடுத்த கதை

தையல் ஃபேக்டரியில் அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. சட்டைக்குக் காலர் வைக்கிற மிஷினில் உட்கார்ந்தால், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டுக்குக் கை நீண்டிருக்கும். பக்கத்து மிஷின்காரிகள் முதலில் வயிற்றெரிச்சலில் அப்படிக் கூப்பிட்டார்கள், அப்புறம் பாசத்தில் கூப்பிட்டார்கள், கடைசியில் சூப்பர்வைசரே "மின்னலக்கா, இந்தக் கட்டையும் கொஞ்சம் பாத்துருங்க" என்று கெஞ்சுகிற அளவுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்கிற வேலை அது. அதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பது உடம்புக்கே ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. வீட்டில் பாதி மடித்த துணியைக் கண்டால்கூட அவளுக்குக் கை அரிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவரின் தட்டைக் கழுவப் பிடுங்கியவள் அவள். அவர் சோற்றுக் கையோடு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

முட்டி தேய்ந்து பெடலை மிதிக்க முடியாமல் போன வருஷம் வேலையை விட்டாள். விட்ட பிறகுதான் வந்தது வினை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார், மத்தியானம் வந்து குறட்டை விடுவார், மறுபடி போய்விடுவார். இவள் வீட்டைப் பெருக்கி, பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கி, அலமாரியை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்து, கடைசியில் போனை எடுத்து வெளியூரில் இருக்கிற மகனைக் கூப்பிடுவாள்.

அந்த மகன்தான் அவளுக்குப் பெரிய கவலை. சின்ன வயதில் அவனுக்கு வாய் மூடவே மூடாது, ஓட்டை வாயன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, அங்கே குடித்தனம் வைத்த பிறகும் தினமும் போனில் ஊர்வம்பு பேசியவன். கொஞ்ச மாதமாக ஆளே மாறிவிட்டான். "சாப்டியா?" என்றால் "ம்." "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு." அப்புறம் ஒரு பெரிய மௌனம், அப்புறம் "சரிம்மா, வெச்சிடவா?" மருமகளைக் கூப்பிட்டால் அவளும் "நல்லா இருக்கேன் அத்தை" என்று பொசுக்கென்று முடித்துவிடுவாள். வேலை போய்விட்டதா, குடிக்கிறானா, இரண்டு பேருக்கும் சண்டையா? எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும். அதைத் தவிர வேறு ஆசையே இல்லாமல் போய்விட்டது அவளுக்கு.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "டேய், வீட்டுக்கு வந்து என்னதான்டா பண்றே? பெத்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியாம?"

"கேம் விளையாடுவேன்மா."

"கழுத வயசாச்சு, இன்னும் என்னடா விளையாட்டு?"

"நீயும் வேணா வாயேன். என் பழைய லேப்டாப் அங்கதானே கிடக்கு. அதுல விளையாடிக்கிட்டே பேசலாம்."

கிண்டலாகத்தான் சொன்னான். அவள் விடவில்லை. லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தாள். மகன் போனில் இருந்தபடியே அதை அழுத்து, இதை அழுத்து என்று சொல்லச் சொல்ல, கணவர் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அழுத்த, பழைய ஹெட்செட் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு மின்னலக்கா அந்த உலகத்துக்குள் போய் விழுந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வார்களே, நிஜமாகவே அது காடுதான். சுற்றிலும் மரம். கிழிந்த துணியோடு ஒரு பெண் நிற்கிறாள், அவள்தான் இவளாம். பக்கத்தில் தாடி வைத்த ஒருவன் நின்று கையாட்டினான்.

"யாருடா அந்தத் தடியன்?"

"நான்தாம்மா."

"ஷேவ் பண்ணக்கூட நேரமில்லையா உனக்கு?"

முதலில் மரத்தைக் கையால் குத்தச் சொன்னான். மரத்தை எதற்குக் கையால் குத்த வேண்டும், ஒரு கோடரி வாங்கினால் என்ன என்று கேட்டாள். இங்கே கடை கிடையாது என்றான். "கடையே இல்லாத ஊர்ல எதுக்குடா குடியிருக்கே?" அவன் லேசாகச் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அதைக் கேட்டவள் மூச்சுக் காட்டாமல் மரத்தைக் குத்த ஆரம்பித்தாள்.

அந்த உலகத்தின் சட்டதிட்டம் அவளுக்கு லேசில் பிடிபடவில்லை. குச்சியும் கல்லும் பொறுக்கினால் கல் கோடரி வரும். கல் கோடரி இருந்தால்தான் மரம் வெட்டலாம். மரம் இருந்தால்தான் பட்டறை போடலாம், பட்டறைக்கு மேலே கூரை இருந்தால்தான் அது வேலை செய்யும். அப்புறம் செம்பு தோண்ட வேண்டும். செம்பு மட்டும் போதாது, அதில் வெள்ளீயம் சேர்த்து உருக்கினால்தான் வெண்கலம். வெண்கலத்தில் பிக்காஸ் செய்தால்தான் மலைக்குகையில் இருக்கிற இரும்பைத் தொடவே முடியும். ஒவ்வொன்றுக்கும் மூட்டை மூட்டையாகப் பொருள் வேண்டும். ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப அடி, ஒரே பாதையில் தூக்கிக்கொண்டு நட, கொட்டு, மறுபடி போ. "இதுக்கு நான் ஃபேக்டரிக்கே போயிருப்பேனே, கூலியாவது குடுத்திருப்பான்" என்று புலம்பினாள். வீடு கட்டி உள்ளே அடுப்பு மூட்டினாள், கூரையில் ஓட்டை விட வேண்டும் என்று தெரியாமல் புகை சூழ்ந்து செத்தே போனாள். செத்தால் சுமந்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்க, வெறுங்கையோடு வீட்டில் மறுபடி எழுந்து வரலாமாம், அதனால் செத்ததுகூட அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. காலம்பூரா அடுப்படியில் நின்ற தன்னை ஒரு கேம் அடுப்பு சாகடித்துவிட்டதே என்றுதான் மானம் போனது. கணவரிடம் இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அவர் மறுநாளே வேனில் வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். போனில் வாயைத் திறக்காதவன், கல்லை அடிக்கும்போது பேசினான். டொக், டொக் என்று இரண்டு பேரும் ஒரே பாறையைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருக்கும்போது, கேட்காமலே ஏதாவது விழும். மாடி வீட்டு நாய் ஓயாமல் குரைப்பது. புது மேனேஜர் எல்லோரையும் "பாஸ், பாஸ்" என்று கூப்பிட்டு உயிரை வாங்குவது. மருமகள் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருப்பது. ராத்திரியில் தூக்கம் வராதது. இவள் ஏதாவது குடைந்து கேட்டால் உடனே வாயை மூடிக்கொள்வான், பேசாமல் அடித்துக்கொண்டிருந்தால் மறுபடி விழும். இது என்ன கூத்து என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, பிள்ளை பேசுகிறானே. சாயங்காலம் ஆனால் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படி ஒரு சாயங்காலம், செம்பு தோண்டிக்கொண்டிருந்தபோது அவன் கை நின்றது. திரையில் அந்தத் தாடிக்காரன் பிக்காஸைப் பிடித்தபடி சும்மா நின்றான்.

"அம்மா."

"என்னடா?"

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவளும் அடிப்பதை நிறுத்தினாள். "சொல்லு ராஜா. என்ன?"

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஹெட்செட்டில் கேட்டது. பிறகு மறுபடி டொக், டொக்.

"இப்ப வேணாம்மா. இரும்பு கிடைக்கட்டும். அப்பச் சொல்றேன்."

அவ்வளவுதான். வேறு யாராவது இருந்தால், ஏதோ சொல்லத் தயங்குகிறான், ஆற அமர வரட்டும் என்று விட்டிருப்பார்கள். கேட்டது மின்னலக்கா ஆயிற்றே! இரும்பு கிடைத்தால் சொல்வானாமே, அப்படியானால் இரும்பு எங்கே இருக்கிறது? அன்றைக்கே அவள் மனதில் அது ஒரு கட்டு வேலையாகிவிட்டது.

மறுநாள் கணவரின் வேன் தெருமுனையைத் தாண்டியதும் உட்கார்ந்தாள். மகன் வேலையில் இருக்கிற நேரம் முழுவதும் அவளுடையது. எந்த மலையில் குகை இருக்கிறது, எந்தக் கரியை எந்த உலையில் போடுவது என்று போனில் வீடியோ பார்த்தாள். தொண்டை கிழியக் கத்துகிற ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். "கத்தாம சொல்லித் தொலையேன்டா" என்று அவனைத் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள். முட்டி வலிக்கு இங்கே இடமில்லை, கை மட்டும்தான் வேலை, கைக்கோ பழைய வேகம் திரும்பிவிட்டது. அடுப்பில் வைத்தது தீய்ந்தது. மத்தியானம் சாப்பிட வந்த கணவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, போய் பிரெட் வாங்கி வந்தார். "இன்னும் கொஞ்சம்தாங்க, முடிச்சிடறேன்" என்றாள் திரும்பாமலே. "என்னத்தை முடிக்கப் போற?" என்று கேட்டார். "இரும்பு எடுக்கணும்" என்றாள். அவர் தன் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்.

சாயங்காலம் மகனோடு உட்காரும்போது மட்டும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பழைய செம்புப் பாறையையே அடித்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கொடுத்தாள். ஒரு சாயங்காலம் மகன் உள்ளே வந்தபோது அவர்களுடைய ஓட்டைக் குடிசை இருந்த இடத்தில் கல் சுவர் வைத்த வீடு நின்றது. உள்ளே வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டி நிறைய இரும்பு. சுவரில் இரும்புக் கோடரி இரண்டு, பிக்காஸ் இரண்டு, கேடயம் இரண்டு. அவன் அளவுக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், காலுக்குக்கூடச் செய்து வைத்திருந்தாள். பின்பக்கம் தோட்டம் போட்டுக் காய்கறி விளைந்து நின்றது.

தாடிக்காரன் வாசலிலேயே நின்றான்.

"இதெல்லாம் யாரும்மா செஞ்சது?"

"வேற யாரு? நீ வேலைக்குப் போனப்ப நான்தான் செஞ்சேன். உனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கல பாரு. நீ வந்து உக்காந்தாப் போதும்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "சரி, இரும்பு கிடைச்சாச்சு. இப்பச் சொல்லு, என்ன விஷயம்?"

அவன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து திறந்து மூடினான். வெளியே போய்த் தோட்டத்தைப் பார்த்தான். உள்ளே வந்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அந்த ஆள் வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. அது சும்மா சொன்னேன்."

"என்னடா சும்மா? அன்னைக்கு அவ்வளவு..."

"நல்லா இருக்கும்மா வீடு. சூப்பரா இருக்கு." குரல் பழையபடி போன் குரலாகிவிட்டது. "கொஞ்சம் வேலை இருக்கு. நாளைக்கு வர்றேன்."

நாளைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் பண்ணினால் "வேலை ஜாஸ்தி." பிறகு "ம்." பிறகு "வெச்சிடவா?"

மின்னலக்காவுக்கு மண்டை காய்ந்தது. என்ன தப்பு நடந்தது? கேட்டதைத்தானே செய்தாள்? கேட்டதற்கு மேலேயே செய்தாளே! அளவு சரியில்லையோ என்று தலைக்கவசத்தைத் திரும்பச் செய்தாள். இடம் பிடிக்கவில்லையோ என்று வாசலை ஆற்றைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். ஊரெல்லாம் அம்மா எதுவும் செய்து தரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் அவளுக்குத் தெரியும். எல்லாம் செய்து வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள். அந்தப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து, யாரும் வராத பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசியில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டில ஒரு வாண்டு வருது" என்றார் துடைப்பதை நிறுத்தாமலே. "வழி நெடுகப் பேசும். டீச்சர் அடிச்சது, வீட்ல அப்பா கத்துனது, எல்லாம் சொல்லும். ட்ராஃபிக்ல மாட்டினா இன்னும் ஜோரு. வண்டி வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னா போதும், பாதி பேச்சுல குதிச்சு ஓடிடும். மறுநாள் கேட்டா, நான் எப்ப சொன்னேன்னு கேக்கும்."

"நான் என் பிள்ளையைப் பத்திக் கேட்டா நீங்க எவன் பிள்ளையைப் பத்தியோ சொல்றீங்க!"

"எனக்கு வேற என்ன தெரியும்? வண்டி ஓட்டத்தான் தெரியும்" என்று அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டார்.

உருப்படியாக ஒரு பதில் சொல்லத் துப்பில்லை என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். காய் நறுக்க உட்கார்ந்தவளுக்குக் கத்தி பாதியில் நின்றது. அரிசியைக் களைந்தாள், அதிலும் கை நின்றது. வாசல் வந்துவிட்டால் குதித்து ஓடிவிடும். அப்படியானால் இரும்பு என்பது வாசலா? வாசலைத் தானே இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்திவிட்டாளா? அது சரியாகத்தான் இருக்குமா, அல்லது தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதும் என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தாள். எல்லா இரும்பையும், கோடரிகளையும், பிக்காஸ்களையும், கேடயங்களையும், மகனுக்குச் செய்த கவசத்தையும் முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவ்வளவு பாரத்தோடு ஓட முடியாது, ஊர்ந்துதான் போக முடியும். தனியாகப் போகவே கூடாது என்று மகன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்த சதுப்புக் காட்டை நோக்கி ஊர்ந்தாள். தைத்து முடித்த கட்டைத் தானே நெருப்பில் போடுகிற மாதிரி இருந்தது. "என்னடி பண்ற?" என்று எட்டிப் பார்த்த கணவரிடம் "தொலைக்கப் போறேன்" என்றாள். சேற்றில் இறங்கினாள். சேற்றுக்குள்ளிருந்து என்னென்னவோ எழுந்து வந்தன. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செத்துப்போனாள்.

பிறகு போனை எடுத்தாள்.

"டேய், எல்லாம் போச்சுடா."

"என்ன போச்சு?" என்று பதறினான்.

"இரும்பு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அந்தச் சேத்துக்காட்டுக்குப் போனேன். செத்துட்டேன். எல்லாம் அங்கயே கிடக்கு. எனக்கு வழியும் தெரியல."

"அம்மா! அங்க தனியாப் போகாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல! அங்க எதுக்கும்மா போனே?" திட்டினான். வாய் ஓயாமல் திட்டினான். அவள் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இரு, நான் வர்றேன். அசையாம இரு."

வந்தான். இரண்டு பேரிடமும் கல் கோடரி மட்டும்தான். அந்தக் காடு எங்கேயோ இருந்தது. மழை பெய்தது. நடந்தார்கள், நீர் குறுக்கிட்டால் மரம் வெட்டித் தெப்பம் கட்டினார்கள், மறுபடி நடந்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனிக்கு வந்து வந்து போனது, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் பேசினான், நாயைப் பற்றிப் பேசினான். அப்புறம் பேசாமல் நடந்தான்.

"அம்மா, எங்களுக்குக் குழந்தை பொறக்கறதா இருந்துச்சு."

அவள் விரல் பட்டனிலேயே இருந்தது. திரையில் அந்தப் பெண் நடந்துகொண்டே இருந்தாள்.

"நேர்ல வந்து சொல்லலாம்னு டிக்கெட்கூடப் போட்டோம். உன் மூஞ்சியைப் பாக்கணும்னு அவளுக்கு ஆசை. அஞ்சாம் மாசம் ஸ்கேன் பாத்தாங்க. துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைப் பாத்தாலே அவ அழறா. எனக்கு அழுகையே வரல. அதான் அவளுக்குக் கோபம், அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு ஏன் வரலன்னு எனக்கே தெரியலம்மா."

அடுத்த வருஷமே பிறக்கும், எல்லாம் நல்லபடியாக நடக்கும், நான் இப்போதே கிளம்பி வருகிறேன், மருமகளிடம் நான் பேசுகிறேன் என்று அவள் வாயில் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் அவசர அவசரமாகக் கட்டி முடித்துவிடுகிற வார்த்தை. ஒன்றையும் சொல்லவில்லை. கண்ணில் நீர் கட்டித் திரை கலங்கிப் போனது.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஓநாய்கள் வந்தன.

"அம்மா, ஓநாய்! பின்னாடி பாரு, அடி!"

"கடிச்சுட்டுப் போகட்டும்டா. நீ சொல்லு."

அவன் கோடரியும் ஓங்கவில்லை. ஓநாய்கள் இரண்டு பேரையும் கடித்துக் குதறின. அவள் திரை சிவந்தது, பிறகு இருண்டது. அவனுடையதும் இருண்டிருக்க வேண்டும். ஹெட்செட்டில் இரண்டு பேருடைய மூச்சு மட்டும் இருந்தது.

"பேர் எதாவது யோசிச்சு வெச்சிருந்தீங்களாடா?" என்று கேட்டாள்.

பதில் வர ரொம்ப நேரம் ஆனது. அவள் அவசரப்படவில்லை. கடைசியில் அவன் அந்தப் பேரைச் சொன்னான், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல.

அவள் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். அந்தப் பக்கம் அவள் மகன் அழ ஆரம்பித்தான்.